அக்கா வீட்டுக் காகிதங்கள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. நேரம் உட்பட எல்லாம் நினைவில் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்தவன் நான். எந்தக் காகிதம் எந்தக் கட்டில் இருக்கிறது, எந்தத் தேதியில் வந்தது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். அப்படிப்பட்டவன் தேதியிலும் நேரத்திலும் தப்பு செய்யமாட்டான்.

யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கிண்டல் செய்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். எனக்கு நடந்ததில் இருட்டே கிடையாது. எல்லாம் பொழுது அடங்குவதற்கு முன்னால், ஜன்னல் திறந்திருக்கும்போது நடந்தது. அதனால்தான் இன்னும் என்னால் தூங்க முடியவில்லை.

என் மனைவிக்கு ஒரே ஓர் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஹால், சமையலறை, ஓர் உள் அறை, ஒரு சின்ன பால்கனி, அவ்வளவுதான் வீடு. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவும் தங்கையும் தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போனில் பேசாமல் இருந்ததில்லை. பேச விஷயம் ஒன்றும் இருக்காது. என்ன சமைத்தாய், முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பேசியே ஆக வேண்டும்.

அந்தப் பேச்சு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்றது. போன் வந்ததும் என் மனைவி பால்கனிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றாள். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுத்து, திரையில் பெயரைப் பார்த்துவிட்டு, மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பதினோரு தடவை.

திங்கட்கிழமை காலையில் வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்து வாட்ச்மேன் சந்தேகப்பட்டிருக்கிறார். பால்கனி வழியாக ஆள் ஏற்றிப் பார்த்தார்கள். அக்கா உள் அறையில், கட்டிலில் முதுகைச் சாய்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாராம். உயிர் இல்லை. மாரடைப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு என் மனைவி பாதி ஆளாகிவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, அந்தப் பதினோரு அழைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். சண்டை எதற்கு என்று எவ்வளவோ கேட்டேன். வாயைத் திறக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து வீட்டுக்காரர் நெருக்கினார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாவி வேண்டும் என்றார். மின் இணைப்பைக்கூட எடுத்துவிட்டார்கள். பெரிய சாமான்கள் அதிகம் இல்லை. இருந்ததெல்லாம் காகிதம். அக்கா எதையும் தூக்கிப் போடாதவர். "நான் பார்த்துக்கறேன், மூணே நாள்" என்று மார்தட்டினேன். காகிதம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

கிளம்பும்போது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அக்கா எனக்குன்னு ஏதாவது எழுதி வச்சிருப்பா. ஒரு வரியாவது. அவ என்மேல கோபமா போனாளா இல்லையான்னு தெரிஞ்சா போதும்."

"இருந்தா என் கண்ணுக்குத் தப்பாது" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை 10:15-க்குக் கதவைத் திறந்தேன். ஹாலில் எள் போட்டால் எள் விழாது. பேப்பர் கட்டு, அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் பை, பழைய சூட்கேஸ். எல்லாவற்றிலும் காகிதம். முதலில் உள் அறையை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று போனேன். கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். கட்டில், அலமாரி, ஒரு ஸ்டூல், கட்டிலுக்கு அடியில் ஆறு பெட்டி. இது கடைசி நாள் வேலை என்று முடிவு செய்து, காலை உள்ளே வைக்காமல் திரும்பிவிட்டேன். அப்போது மணி 10:20.

என் முறை இது. மூன்று சாக்கு. ஒன்று வைத்துக்கொள்ள. ஒன்று வீட்டில் கேட்டு முடிவு செய்ய. ஒன்று கிழித்துப் போட. ஒரு காகிதத்தை ஒரு தடவைதான் கையில் எடுக்க வேண்டும். மேல் வரியும் தேதியும் பார்த்தால் போதும், உள்ளே படிக்கக் கூடாது. படிக்க ஆரம்பித்தால் ஒரு பெட்டிக்கு ஒரு நாள் ஆகும். அப்புறம் முக்கியமான விதி, பெயரோ நோயோ கையெழுத்தோ இருக்கிற எதையும் முழுசாகப் பழைய பேப்பர் கடைக்குப் போடக் கூடாது. நாளைக்கு அதில் கடலை மடித்து நம் கையிலேயே கொடுப்பான். கிழித்துத்தான் போட வேண்டும். மின்சாரம் இல்லாததால் எல்லாவற்றையும் கையால் கிழித்தேன்.

அக்கா எழுதியதில் பெரும்பகுதி தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் இருந்தது. தேதி கிழித்ததும் அந்தத் தாளைத் திருப்பி, அன்றைக்கு நடந்ததை நேரம் போட்டுப் பென்சிலால் எழுதியிருந்தார். நர்ஸ் புத்தி. நோயாளியின் கட்டிலில் தொங்குகிற அட்டையில் எழுதுவது போலத் தன்னைப் பற்றியே எழுதிவைத்திருந்தார். '6:00 மாத்திரை. 6:20 காபி. 7:10 முழங்காலுக்குத் தைலம்.' வருடத்துக்கு ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு. நாலைந்து தாள் பார்த்தேன். மாத்திரையும் காபியும்தான். தங்கைக்கு எழுதினால் கடிதத் தாளில் எழுதி உறையில் போட்டிருப்பார், இது வேண்டாத சமாசாரம் என்று எனக்குள் இருந்த பதிவறைக்காரன் முடிவு செய்தான். 11:40-க்குக் கிழிக்க ஆரம்பித்தேன்.

சர்ர்க்... சர்ர்க்...

12:05 இருக்கும். தூசிக்குத் தும்மல் வந்தது. எனக்கு எப்போதும் மூன்றாகத்தான் வரும். மூன்றாவது தும்மல் அடங்கியதும், உள் அறையில் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. க்ரீச். மேல் வீட்டுக்காரர்கள் சாமான் நகர்த்துகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது மாடிக்கு மேலே வெறும் மொட்டை மாடிதான் என்பது சாயங்காலம் படி இறங்கும்போதுதான் உறைத்தது. சரி, பக்கத்து வீடாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

4:50-க்கு இன்னொரு சத்தம். பென்சில் எழுதுகிற சத்தம். பதிவறையில் முப்பத்தொரு வருடம் கேட்ட சத்தம் அது, எனக்குத் தப்பவே தப்பாது. கறக் கறக் என்று வேகமாக. நான் கிழிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றது. எலி என்று முடிவு செய்தேன். 5:30-க்குப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். "ஏதாவது கிடைச்சுதா?" என்று மனைவி கேட்டாள். இன்னும் உள் அறை பாக்கி என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை 9:50. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

நான் சாத்தவில்லை. காற்றாக இருக்கும் என்று தள்ளினேன். திறக்கவில்லை. உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. குறுக்கே போடுகிற தாழ்ப்பாள் காற்றில் தானாகப் போய் விழாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஹாலில் இன்னும் பாதி வேலை கிடந்தது. பழைய வீடு, மரம் உப்பியிருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி உட்கார்ந்தேன். மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற பொய்க்கு அளவே இல்லை.

மத்தியானம் 2:15-க்கு ஒரு பெட்டியில் எங்கள் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. ஒன்றல்ல, பதினேழு பிரதி. இருபத்தாறு வருடமாகப் பதினேழையும் வைத்திருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். "அக்கா, மிச்சத்தை யாருக்குக் கொடுக்கலாம்னு வச்சிருந்தீங்க?" என்று சத்தமாகவே கேட்டேன்.

உள் அறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

'ஹக்' என்று ஒரு சத்தம். தண்ணீரில் தவறி விழுந்தவர்கள் இழுப்பார்களே, அப்படி.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம். வேறு சத்தம் இல்லை. பத்திரிகையில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சப் பதினாறையும் கிழித்தேன். கையில் வேலை இருந்தால் பயம் தெரியாது என்பார்கள். பொய்.

5:20. வெயில் சாய்ந்துவிட்டது. உள் அறையில் மேற்குப் பக்கம் ஜன்னல். அந்த வெளிச்சம் கதவின் சாவித் துவாரம் வழியாக ஒரு பொட்டு போல ஹாலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில், தரையில்.

பொட்டு அணைந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சாவித் துவாரம் கறுப்பாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது போல இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஒன்பது எண்ணியதும் வெளிச்சம் திரும்ப வந்தது. உள்ளே யாரோ பின்னால் நகர்ந்து ஸ்டூலில் மோதிக்கொள்கிற சத்தம்.

5:35-க்கு நான் தெருவில் இருந்தேன். சட்டை முழுக்க வியர்வை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவின் ஆவி என்று சொன்னால் என் மனைவி அந்த நிமிடமே கிளம்பிப் போய் அந்தக் கதவடியில் உட்கார்ந்துவிடுவாள். அது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போகவே பிடிக்கவில்லை. குளித்தேன், பேப்பர் படித்தேன், செருப்பைத் துடைத்தேன். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உள் ரூம்ல பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"இன்னிக்குத்தான் கடைசி நாள். நான் வரட்டுமா?"

"வேணாம். நானே பார்க்கறேன்."

மதியம் 1:10-க்குப் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் மிச்சம் இருந்ததை முடித்தேன். கடிதம் எதுவும் இல்லை. 4:00 மணிக்குப் பழைய பேப்பர்க்காரர் இரண்டு ஆட்களோடு வந்து பதினான்கு மூட்டையை இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் இருந்த அரை மணி நேரம் எனக்குத் தைரியமாக இருந்தது. அந்தக் கதவையும் திறந்து தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்துத்தான் இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன்.

அவர்கள் போனதும் ஹால் வெறுமையாகிவிட்டது. என் மூச்சுச் சத்தம்கூடச் சுவரில் பட்டுத் திரும்பியது.

நிறைய நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெறும் கையோடு வீட்டுக்குப் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

6:05. எழுந்து போய்த் தட்டினேன்.

டொக். டொக். டொக்.

உள்ளே ஸ்டூல் விழுந்தது.

காதைக் கதவில் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மூச்சு. வேகமான மூச்சு. கதவுக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

"யாரு உள்ள?"

மறுபடி தட்டினேன். மறுபடி, மறுபடி. நேரம் போனதே தெரியவில்லை.

6:31. ஒரு குரல். மிகவும் மெலிதாக...

"எடுடி... போனை எடுடி..."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

ஓடியிருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அது பேய்க் குரலாக இல்லை. பயந்துபோன ஒரு வயசான பெண்ணின் அழுகையாக இருந்தது. பேயாவது பிசாசாவது, உள்ளே ஒரு மனுஷி தவிக்கிறாள், காப்பாற்று என்றுதான் என் மனசு சொன்னது.

6:40. கத்தினேன்.

"பயப்படாதீங்க! நான் வந்துட்டேன்! கதவைத் திறங்க!"

அழுகை சட்டென்று நின்றது.

எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினேன். அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன்.

பின்னால் நகர்ந்தேன். தோளால் மோதினேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்று...

டணங் என்று தாழ்ப்பாள் பிய்ந்து உள்ளே தரையில் விழுந்தது. கதவு சுவரில் போய் மோதியது. என் கடிகாரத்தில் மணி 6:47.

அறை காலி.

கட்டில். அலமாரி. கவிழ்ந்து கிடந்த ஸ்டூல். ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. யாரும் இல்லை.

தரையில் ஒரு பென்சில் உருண்டுகொண்டிருந்தது. கட்டில் காலில் முட்டி, நின்றது.

அதன் பக்கத்தில் மூன்று காலண்டர் தாள்கள். கிளிப் போட்டு. குனிந்து எடுத்தேன். ஜன்னல் அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு. தேதியைப் பார்த்தேன். ஏழு வாரத்துக்கு முந்தையவை. அக்காவின் கடைசி மூன்று நாட்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் விதியை மீறி, தாளைத் திருப்பி முழுசாகப் படித்தேன்.

வெள்ளி.

'10:20 அறை வாசலில் யாரோ நிற்பது போல் இருந்தது. உள்ளே வரவில்லை.'

'11:40 ஹாலில் காகிதம் கிழிக்கும் சத்தம். விடாமல்.'

'12:05 தும்மல். மூன்று. எழுந்து போய்ப் பார்த்தேன். ஹாலில் யாரும் இல்லை.'

'4:50 இதை எழுதும்போது கிழிப்பதை நிறுத்திக் கேட்கிறது.'

கட்டிலில் உட்கார்ந்தேன்.

சனி.

'9:50 கதவைத் தள்ளிப் பார்க்கிறான். நல்லவேளை, தாழ் போட்டிருந்தேன்.'

'2:15 சிரிக்கிறான். ஆண் குரல்.'

'5:20 சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன்.'

அதற்கு அடுத்து ஒரு வரி இருந்தது. அதைத் தாள் கிழியும் அளவுக்குப் பென்சிலால் அழுத்தி அழுத்தி அடித்திருந்தார். எவ்வளவு தூக்கிப் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை.

ஞாயிறு.

'1:10 வந்துவிட்டான்.'

'4:00 இன்னும் ஆட்கள். எதையோ இழுத்துக்கொண்டு போகிறார்கள்.'

'6:05 கதவைத் தட்டுகிறான்.'

'6:31 தங்கச்சி போனை எடுக்கவில்லை. பதினோரு தடவை. அவள் கோபம் நியாயம்தான். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. நல்லா இருக்கட்டும்.'

'6:40 பயப்படாதே என்று கத்துகிறான்.'

'6:47 மோதுகிறான். ஒன்று. இரண்டு. மூ'

அவ்வளவுதான். அந்த எழுத்தின் வால் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு தாளின் விளிம்பு வரை போயிருந்தது.

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியவில்லை. கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். மணி 7:05. சாவியை அவரிடம் கொடுத்தேன். ஏதாவது சாதாரணமாகப் பேச வேண்டும் போல இருந்தது.

"உள் ரூம் தாழ்ப்பாள் உடைஞ்சுபோச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. நான் போட்டுக் கொடுத்துடறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எந்தத் தாழ்ப்பாள் சார்?"

"உள் ரூம் கதவுல."

"அதுதான் இல்லையே. அந்தம்மாவைத் தூக்க வந்த அன்னிக்கே பிஞ்சு தரையில கிடந்துச்சு. நான்தான் பொறுக்கிக் குப்பையில போட்டேன். போலீஸ்காரர்கூடக் கேட்டாரு. வாசக்கதவு உள்ள பூட்டியிருக்கு, ஆள் வந்த தடமே இல்ல, ஆனா இந்தத் தாழ்ப்பாளை மட்டும் ஹால்ல இருந்து இடிச்ச மாதிரி இருக்கேன்னு. அப்புறம் பழைய மரம், தானா பேர்ந்திருக்கும்னு எழுதிட்டாங்க. ஏன் சார், உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

மேலே போய்ப் பார்க்கலாமா சார் என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வரும்போது 8:20. வழி முழுக்க ஒரே யோசனை. அந்தத் தாள்களைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிடலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். சட்டைப் பையில் கையைக்கூட விட்டேன். ஆனால் வாசலில் நின்ற அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஏழு வாரமாக அவள் கேட்டது ஒரே ஒரு வரி. அந்த வரி என்னிடம் இருந்தது. வெள்ளியையும் சனியையும் பையிலேயே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தாளை மட்டும் கொடுத்தேன்.

"இதுதான் கிடைச்சுது. நடுவுல இருக்கற அந்த நாலு வரியைப் படி. மத்தது ஏதோ பயத்துல எழுதியிருக்காங்க. விட்டுடு."

படித்தாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தாளை முகத்தில் வைத்துக்கொண்டு, 'வருத்தம் இல்லையாம்... வருத்தம் இல்லையாம்...' என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஏழு வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்தாள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்களே. என்ன சொன்னாங்க?"

டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்."

"சொல்லு."

"ஹால்ல ஒரு ஆம்பளை உக்காந்து பேப்பரைக் கிழிச்சுக்கிட்டே இருக்கான்னு சொன்னா. சாவித் துவாரத்துல பாத்தாளாம். அது... நீங்கன்னு சொன்னா."

என் கை சட்டைப் பையில் இருந்த சனிக்கிழமைத் தாளுக்குப் போனது.

"சத்தியமா அவர்தான்டி, முகத்தை நேருக்கு நேரா பாத்தேன்டிங்கறா. அந்த நேரத்துல நீங்க இங்க, என் கண்ணு முன்னாடி உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருக்கீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் புருஷன்மேல இப்படி ஒரு பழியான்னு கோபம் வந்துடுச்சு. உனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சு, இனிமே எனக்குப் போன் பண்ணாதேன்னு சொல்லி வச்சுட்டேன்."

மூக்கை உறிஞ்சினாள். கையில் இருந்த தாளை மறுபடி விரித்தாள். இந்தத் தடவை மேலிருந்து படித்தாள். விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக. 1:10. 4:00. 6:05. விரல் கீழே வரவர மெதுவாகியது. கடைசி வரியில் நின்றது.

அவள் பார்வை தாளில் இருந்து என் சட்டைக்கு வந்தது. வலது தோளில் கதவுப் பெயிண்ட் உரசி, ஒரு கையகலத்துக்குப் பச்சையாக அப்பியிருந்தது.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "இன்னிக்கு எத்தனை மணிக்கு நீங்க அங்க போனீங்க?"

என் கை தானாகப் போய்த் தோளை மறைத்தது. அவள் எழுந்து, தாளை எடுத்துக்கொண்டு, என்னை விட்டு இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.